சிறிய வைத்தியசாலையைச் சுற்றாடலுக்கு ஏற்றதாக்க முதற்பணத்தை எங்கே இடுவது? கொழும்பு நிலைமைக்கான ஓர் ஒப்பீடு

கொழும்பில் முப்பது, நாற்பது கட்டில்களோடு இயங்கும் தனியார் வைத்தியசாலைகளின் நிர்வாகிகளும் அவற்றில் பங்குள்ள வைத்தியர்களும் அண்மைக் காலமாக ஒரே கேள்வியை வெவ்வேறு வடிவங்களில் கேட்டு வருகின்றனர். சுற்றாடலுக்குக் குறைந்த தீங்கு செய்யும் வைத்தியசாலையாக மாறவேண்டும் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. ஒதுக்கக்கூடிய பணம் ஒரு வேலைக்கு மட்டுமே போதும் என்னும் நிலையில், அதைக் கூரையில் சோலர் பூட்டுவதற்குக் கொடுப்பதா, பழைய குளிரூட்டிகளை மாற்றுவதா, கழிவைக் கையாள நீராவியால் கிருமியழிக்கும் ஓட்டோகிளேவ் வாங்குவதா, ஒருமுறை பாவித்து வீசும் அங்கிகளை விட்டுத் துணி அங்கிகளுக்குத் திரும்புவதா என்பதே அவர்களுடைய தடுமாற்றம். மயக்க மருந்து வாயுக்களைப் பற்றி அநேகமாக எவரும் கேட்பதில்லை. அதையும் இந்த ஒப்பீட்டில் சேர்த்திருக்கிறேன், ஏனெனில் விடையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

பலர் மனத்தில் முன்கூட்டியே வைத்திருக்கும் விடை சோலர். அது கண்ணுக்குத் தெரிகிறது, வங்கி அதற்குக் கடன் தருகிறது, மின்பட்டியலும் குறைகிறது. ஆயினும் சத்திரசிகிச்சைக்கூடம் உள்ள ஒரு கொழும்பு வைத்தியசாலைக்கு அது நான்காவதாகச் செய்யவேண்டிய வேலை என்பது என் கருத்து. 2019இல் ஹெல்த் கெயார் வித்தவுட் ஹாம் என்னும் சர்வதேச அமைப்பும் அரப் என்னும் பொறியியல் ஆலோசனை நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட கணக்கு, உலகின் பச்சைவீட்டு வாயு வெளியேற்றத்தில் 4.4 சதவீதம் சுகாதாரத் துறையினுடையது என்று கண்டது. அந்தப் பங்கை உள்ளே பிரித்துப் பார்த்தால், 17 சதவீதம் வைத்தியசாலையிலிருந்தும் அதன் வாகனங்களிலிருந்தும் நேரடியாக வெளியேறுகிறது. 12 சதவீதம் விலைக்கு வாங்கும் மின்சாரம் போன்ற சக்தியிலிருந்து வருகிறது. எஞ்சிய 71 சதவீதமும் பெருமளவில் மருந்து, உபகரணம், உணவு, போக்குவரத்து என்று வாங்கும் பொருட்களின் வழியே வருகிறது. இது உலகச் சராசரி. ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் மின்சாரத்தை மட்டும் சரிசெய்துவிட்டால் வேலை முடிந்தது என்னும் எண்ணத்தை மாற்ற இந்தப் பிரிப்பே போதும்.

## எந்த அளவுகோல்களால் நிறுப்பது

நோயாளியின் பாதுகாப்பு முதலாவது அளவுகோல். அதை மற்றவற்றோடு சேர்த்துக் கூட்டிக் கழிக்க முடியாது. அதில் தவறும் தெரிவு எவ்வளவு மலிவானதாயினும் பட்டியலிலேயே இடம்பெறலாகாது.

இரண்டாவது, செலவிடும் ரூபாய்க்கு உண்மையில் எவ்வளவு தீங்கு குறைகிறது என்பது. மூன்றாவது, விலைமனுவில் வராத செலவுகள்: டொலர் கொடுத்து இறக்கவேண்டிய உதிரிப்பாகம், தாதியரினதும் சிற்றூழியரினதும் நேரம், அனுமதிப்பத்திரம், பராமரிப்பு ஒப்பந்தம். டொலர் இல்லாமற் போனால் ஓர் உதிரிப்பாகத்துக்காக ஒரு பிரிவையே மூடிவைக்க நேரும் என்பதை 2022 நமக்குக் காட்டிவிட்டது. நான்காவது, கொழும்பின் சொந்த நிலைமை: ஆண்டு முழுவதும் ஈரமான காற்று, காலி வீதியோரத்துக் கடலுப்பு, ஒடுங்கிய காணி, அவ்வப்போது வரும் வெள்ளமும் மின்வெட்டும். ஐந்தாவது, பலனை வைத்தியசாலை தன் பதிவேடுகளைக் கொண்டே மாதந்தோறும் சரிபார்க்க முடியுமா என்பது. சரிபார்க்க முடியாத மாற்றம் ஆறு மாதத்தில் மறக்கப்பட்டுவிடும்.

## கூரைச் சூரிய மின்சாரம்

கொழும்பின் வெயிலில் ஒரு கிலோவாட் சோலர் நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்றரை முதல் நான்கு அலகு வரை தரும். மாதத்துக்குச் சுமார் 110 அலகு என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் மின்பட்டியலில் உள்ள மாதாந்த அலகுகளை 110ஆல் வகுத்தால் எத்தனை கிலோவாட் வேண்டும் என்பது தெரிந்துவிடும். மாதம் 20,000 அலகு செலவிடும் வைத்தியசாலைக்கு 180 கிலோவாட் தேவை. ஒரு கிலோவாட்டுக்கு ஐந்தரைச் சதுர மீற்றர் என்று கொண்டால் ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர், அதாவது 40 பேர்ச்சஸ் வெறும் கூரை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருபது பேர்ச்சஸ் காணியில் எழுந்த கட்டிடத்தில் அது கிடைக்காது. இருக்கும் கூரையிலும் தண்ணீர்த் தாங்கி, லிஃப்ட் அறை, குளிரூட்டிகளின் வெளிப்பெட்டிகள் ஆகியவை இடம்பிடித்திருக்கும். அயலில் எழும் அடுக்குமாடியின் நிழல் பிற்பகலில் மிச்சத்தையும் மறைக்கும்.

விற்பனையாளர் தானாகச் சொல்லாத விடயம் இன்னொன்று உண்டு. மின்வலையோடு இணைந்த சாதாரண சோலர், மின்வெட்டு வந்தவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு மின்தாக்கம் ஏற்படாதிருக்கச் செய்யப்பட்ட பாதுகாப்பு ஏற்பாடு அது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவிய நாட்களிலும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையக் கோளாறால் நாடே இருண்டபோதும், பற்றரி இல்லாத சோலர் உள்ளவர்களும் டீசல் மின்பிறப்பாக்கியைத்தான் இயக்கவேண்டியிருந்தது. பற்றரியோ, மின்பிறப்பாக்கியோடு இசைந்து இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவியோ சேர்த்தால் இந்தக் குறை நீங்கும். ஆனால் செலவு வேறாகிவிடும். பற்றரியை வைக்கத் தீப்பாதுகாப்புள்ள, குளிர்ச்சியான தனியிடமும் வேண்டும்.

வருமானக் கணக்கும் நிலையானதன்று. வலைக்கு விற்கும் அலகின் விலை பலமுறை மாற்றப்பட்டுள்ளது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை வீழ்ந்தபோது, கூரைச் சோலர்களைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. ஆகவே விற்றுச் சம்பாதிக்கும் எண்ணத்தில் பெரிதாகப் பூட்டுவதிலும், பகலில் தானே பாவித்து முடிக்கும் அளவுக்குப் பூட்டுவது அறிவுடைமை. வெளிநோயாளர் பிரிவு, ஆய்வுகூடம், எக்ஸ்ரே ஆகியவை பகலில் இயங்குவதால் அந்த வகையில் வைத்தியசாலைக்குச் சோலர் நன்றாகவே பொருந்தும்.

சொந்தக் கட்டிடம், நிழல் விழாத அகன்ற கூரை, ஏற்கெனவே குறைத்துச் சீராக்கிய மின்தேவை ஆகிய மூன்றும் உள்ளவர்களுக்கு இது மிக நல்ல முதலீடு. நுரைச்சோலை நிலக்கரியில் பிறக்கும் ஒவ்வோர் அலகையும் தவிர்ப்பது பெறுமதியானது என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. வீணாகும் குளிரூட்டலுக்காகவும் சேர்த்துப் பெரிய சோலர் வாங்குவதுதான் என் ஆட்சேபம்.

## மயக்க மருந்து வாயுக்கள்

நோயாளி சுவாசித்து வெளிவிடும் மயக்க மருந்து உடலில் மிகச் சிறிதளவே மாற்றமடைகிறது. மிகுதி, வெளியேற்றக் குழாய் வழியாகக் கட்டிடத்துக்கு வெளியே சென்று வளிமண்டலத்தில் தங்குகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் டெஸ்புளூரேன் என்னும் மயக்க மருந்தின் ஒரு கிலோ ஏறத்தாழ 2,500 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. அதே வேலைக்குப் பாவிக்கும் ஐசோபுளூரேன் சுமார் 500. செவோபுளூரேன் 130 அளவில். போதாததற்கு டெஸ்புளூரேனின் வீரியம் குறைவு. அதே ஆழத்தில் மயக்கிவைக்கச் செவோபுளூரேனைப்போல் மூன்று மடங்கு செறிவு தேவைப்படுகிறது.

ஒரு 240 மில்லிலீற்றர் டெஸ்புளூரேன் போத்தல் முழுவதும் வெளியேறினால் அது சுமார் 890 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். மின்சாரத்தின் ஓர் அலகுக்கு அரைக் கிலோ என்று தோராயமாகக் கொண்டால், 50 கிலோவாட் சோலர் ஒன்பது, பத்து நாள் உழைத்துச் சேமிப்பதை அந்த ஒரு போத்தல் விழுங்கிவிடுகிறது. இந்த மருந்தை நிறுத்துவதற்கு மூலதனம் எதுவும் வேண்டியதில்லை. ஸ்கொட்லாந்து 2023 மார்ச்சில் தன் அரச வைத்தியசாலைகளில் டெஸ்புளூரேனைக் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி 1 முதல், மருத்துவக் காரணத்தால் வேறு வழியில்லாத நிலைமைகளைத் தவிர, அதன் பாவனையைத் தடைசெய்துள்ளது.

டெஸ்புளூரேனை வாங்காத வைத்தியசாலைகளும் இரண்டு இடங்களைப் பார்க்கவேண்டும். ஒன்று, நிமிடத்துக்கு ஐந்து, ஆறு லீற்றர் என்று மயக்க மருந்தைச் சுமந்துசெல்லத் திறந்துவிடும் புதிய வாயுவின் ஓட்டம். சிகிச்சை நிலைபெற்ற பின் அதை ஒரு லீற்றருக்கோ அதற்குக் கீழோ இறக்கினால் மருந்துச் செலவு ஏறத்தாழ அதே விகிதத்தில் இறங்கும். மற்றது, மயக்கத்துக்குத் துணையாகக் கொடுக்கும் நைத்திரஸ் ஒக்சைட். நூறாண்டுக்கு மேல் வளிமண்டலத்தில் தங்கும் இவ்வாயு, கிலோவுக்கு ஏறத்தாழ 270 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமானது. ஸ்கொட்லாந்து வைத்தியசாலைகளில் வாங்கிய அளவையும் நோயாளிகளுக்குக் கொடுத்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, மிகப் பெரும்பங்கு எவருக்கும் பயன்படாமல், சிலிண்டர்களிலிருந்து கூடங்களுக்கு வாயுவைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதியிலேயே கசிந்து போனது தெரியவந்தது. குழாய்த் தொகுதி வைத்திருப்போர் ஒரு மாத சிலிண்டர்க் கொள்வனவைச் சத்திரசிகிச்சைக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். கசிவு தெரிந்தால், மயக்க இயந்திரத்தில் பூட்டிய சிறிய சிலிண்டரைக் கொண்டே தேவையை நிறைவேற்றலாம்.

மறைசெலவுகள் இங்கும் உண்டு. குறைந்த ஓட்டத்தில் காபனீரொட்சைட்டை உறிஞ்சும் சோடாச் சுண்ணாம்பு விரைவில் தீரும். வாயுச் செறிவைக் காட்டும் கண்காணிப்புக் கருவி ஒவ்வொரு மேசையிலும் நம்பத்தக்கதாக இருக்கவேண்டும். வாயுவை விட்டு நாளவழி (ஊசிவழி) மயக்கத்துக்கு மாறினால், அதற்குப் பாவிக்கும் புரொப்போபோல் மருந்தின் மீதியைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. அது நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு, உயர் வெப்பத்தில் எரிக்கவேண்டியது. செவோபுளூரேன் ஓராண்டுக்குச் சற்று மேல் மட்டுமே வளிமண்டலத்தில் தங்குவதால் அதன் பாதிப்பை நூறாண்டுக் கணக்கு மிகைப்படுத்துகிறது என்று வாதிடும் நிபுணர்களும் உள்ளனர். அந்த வாதத்தில் நியாயம் உண்டு, ஆனால் அது டெஸ்புளூரேனையும் நைத்திரஸ் ஒக்சைட்டையும் காப்பாற்றாது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்ற தீர்ப்பு மயக்கமருந்து நிபுணருடையது. நிர்வாகம் செய்யவேண்டியது, அவரிடம் கணக்கைக் காட்டி, கருவியை வாங்கிக் கொடுத்து, முடிவை அவரிடமே விடுவது.

## குளிரூட்டலும் காற்றோட்டமும்

வன்கூவர், மினியாபொலிஸ், ஒக்ஸ்போர்ட் ஆகிய நகரங்களின் மூன்று வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, சத்திரசிகிச்சைக்கூடங்கள் வைத்தியசாலையின் மற்றப் பகுதிகளைவிட மூன்று முதல் ஆறு மடங்கு சக்தியை விழுங்குவதையும், அந்தச் சக்தியில் 90 சதவீதத்துக்கு மேல் காற்றைச் சீராக்கவே செலவாவதையும் காட்டியது. அங்கெல்லாம் குளிர்நாடு, இங்கே காற்றைக் குளிரவைப்பதோடு அதன் ஈரத்தையும் பிழிந்தெடுக்கவேண்டும். மணிக்கு இருபது தடவை காற்று மாறும் கூடம் இரவில் ஆளில்லாமல் இருக்கும்போதும் அதே வேகத்தில் ஓடுவது பெரும் வீண்விரயம். அழுத்த வேறுபாட்டைக் காத்துக்கொண்டு ஓட்டத்தை மட்டும் குறைக்கும் இரவு நிலையை ஒரு நல்ல பொறியியலாளர் அமைத்துத் தருவார். அவசர சத்திரசிகிச்சைக்கு எவ்வளவு நேரத்துக்கு முன் முழு வேகத்துக்குத் திரும்பவேண்டும் என்பதையும் அவரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளவேண்டும்.

குளிரூட்டிக்கு ‘கேஸ்’ நிரப்பும் வேலையில் மறைந்திருக்கும் தீங்கு பெரிது. குளிரூட்டிகளில் நிரப்பும் குளிர்வாயுக்களில் ஆர்-22 கிலோவுக்கு ஏறத்தாழ 1,800, ஆர்-410ஏ 2,000க்கு மேல், ஆர்-32 சுமார் 675 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். பழைய வாயுவைத் திறந்துவிட்டுப் புதியதை நிரப்பிச் செல்லும் திருத்துநர், ஒரே பிற்பகலில் பல மாத மின்சேமிப்பை அழித்துவிடுகிறார். பழைய வாயுவை மீட்டெடுக்கும் கருவி அவரிடம் உள்ளதா, கசிவை அடைக்காமல் நிரப்புகிறாரா என்பதைப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே கேட்டு எழுதிக்கொள்வதற்கு ஒரு சதமும் செலவாகாது. புதிய இயந்திரம் வாங்கினால் இன்வேர்ட்டர் வகையையும் குறைந்த தாக்கமுள்ள குளிர்வாயுவையும் தேர்ந்தெடுக்கலாம். ஆர்-32 மெல்லத் தீப்பற்றக்கூடியது என்பதால் பயிற்சி பெற்றவரே பூட்டவேண்டும். கடலுக்கு அருகில் உள்ளோர் வெளிப்பெட்டியின் உலோகத்துக்கு உப்புத்தாங்கும் பூச்சு உள்ளதா என்று பார்க்காமல் வாங்கினால் சில ஆண்டுகளில் மறுபடியும் வாங்க நேரிடும்.

வெப்பநிலையைக் கண்மூடித்தனமாக உயர்த்துவது ஆபத்தானது. ஈரம் குறையாமல் சூடு மட்டும் ஏறினால் சுவரிலும் குழாயிலும் பூஞ்சணம் படரும். அறையின் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும் சாதாரண ஸ்ப்ளிட் குளிரூட்டி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. கதவடைத்த காத்திருப்பு அறையில் காசநோயோ கொவிட்டோ பரவுவதற்கு அது வசதி. உலக சுகாதார ஸ்தாபனம் 2009இல் இயற்கைக் காற்றோட்டத்துக்கு வகுத்த வழிகாட்டல், சாதாரண விடுதிகளுக்கு நோயாளி ஒருவருக்கு விநாடிக்கு 60 லீற்றர் காற்றைக் கேட்கிறது. உயர்ந்த கூரையும் எதிரெதிர் யன்னல்களும் உள்ள பழைய வீடுகளில் நடக்கும் வைத்தியசாலைகள், காத்திருப்பு அறையையேனும் மின்விசிறியோடு திறந்துவிடலாம். டெங்கு நீங்காத நகரில் யன்னல் திறந்தால் வலையும் வேண்டும். வலை காற்றோட்டத்தைக் குறைக்கும் என்பதால் திறப்பைப் பெரிதாக்கவேண்டும்.

மின்பட்டியலில் கைவைக்க நினைக்கும் எவருக்கும் இதுவே முதற்படி. இது முடிந்த பின் வாங்கும் சோலர் சிறிதாகும், மலிவாகும், அந்த ஒடுங்கிய கூரையிலும் அடங்கும்.

## கழிவு

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கில், வைத்தியசாலைக் கழிவில் ஏறத்தாழ 85 சதவீதம் வீட்டுக் கழிவைப் போன்றதே. 15 சதவீதமே தொற்றோ நஞ்சோ கதிர்வீச்சோ உள்ளது. ஆனால் கட்டிலருகே தொற்றுக் கழிவுக்கான மஞ்சள் பை மட்டும் தொங்கினால், பார்வையாளரின் தண்ணீர்ப் போத்தலும் சோற்றுப் பார்சலின் லஞ்ச் ஷீட்டும் அதற்குள்ளேயே விழும். கிலோக் கணக்கில் பணம் கொடுத்துப் பொதுக் குப்பையை எரிப்பதாக முடியும். பொதுக் குப்பைக்கான கறுப்புப் பையை நோயாளிக்கு அருகிலும் மஞ்சள் பையைத் தாதியரின் தள்ளுவண்டியிலும் வைப்பதே பல இடங்களில் பெரிய மாற்றம். 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து மனித உயிர்களைப் பறித்த நகரில், பிரிக்காமல் கொட்டுவதை எவரும் சிறு குறையாக எண்ணமுடியாது.

பிரித்த பின்னரே கருவி பற்றிய கேள்வி எழவேண்டும். அதற்கு மூன்று வழிகள் உள்ளன.

சொந்த எரியுலை எல்லாவகைத் தொற்றுக் கழிவையும் ஏற்கும். ஆனால் முதல் அறையில் 850, இரண்டாம் அறையில் 1,100 பாகை வெப்பம் தளராமல் நிற்கவேண்டும். சிறிது சிறிதாகக் கழிவைப் போட்டு எரிக்கும் சிறிய உலைகளில் அது நிற்பதில்லை, பீ.வீ.சீ. பிளாஸ்டிக் குழாய்கள் தாழ்ந்த வெப்பத்தில் எரிந்தால் டயொக்சின் என்னும் கொடிய நஞ்சு பிறக்கும். நீடித்து நிற்கும் நச்சு இரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை மருத்துவக் கழிவு உலைகளை அந்த நஞ்சின் மூலங்களில் ஒன்றாகப் பெயர்சொல்லியே குறிப்பிடுகிறது. அயல்வீட்டு யன்னல் பத்தடியில் இருக்கும் கொழும்பில் சிறிய எரியுலையை நான் எவருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

ஓட்டோகிளேவ் 121 பாகை நீராவியில் குறைந்தது அரைமணி நேரம் வைத்துக் கிருமியை அழிக்கிறது, புகை இல்லை. உடலுறுப்புகளையும் புற்றுநோய் மருந்துகளையும் இரசாயனங்களையும் அது ஏற்காது. அரைக்கும் இயந்திரம் இல்லாவிட்டால் கழிவின் பருமனும் குறையாது. ஒவ்வொரு சுற்றும் உண்மையில் கொன்றதா என்பதை வெப்பத்தைத் தாங்கும் நுண்ணுயிர் வித்திகளை உள்ளே வைத்துப் பார்க்கும் வித்திச் சோதனையால் தவறாமல் உறுதிசெய்யவேண்டும். அந்த ஒழுக்கத்தைப் பேண ஆளில்லாத இடத்தில் கருவி பொய்யான நிம்மதியையே தரும்.

வெளி நிறுவனத்திடம் ஒப்படைப்பது நாற்பது கட்டில் வைத்தியசாலைக்குப் பெரும்பாலும் சரியான வழி. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மருத்துவக் கழிவு பட்டியலிட்ட (அனுமதியுடன் மட்டுமே கையாளக்கூடிய) கழிவாக இருப்பதால், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரத்தைக் கேட்டுப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு சுமையும் எங்கே போய் எப்படி முடிந்தது என்ற பதிவையும் மாதந்தோறும் வாங்கவேண்டும். ஆய்வுகூடத்தில் வளர்த்த கிருமிகளை மட்டும் வெளியே அனுப்புமுன் அங்கேயே சிறிய ஓட்டோகிளேவில் அழித்துவிடவேண்டும்.

## மீளப் பாவிக்கும் துணியும் கருவியும்

இங்கே பொதுவிதி சொல்வது கடினம். மெல்பேர்ண் வைத்தியசாலை ஒன்றின் மயக்க உபகரணங்களை வைத்து 2017இல் வெளியான ஆய்வு, ஒருமுறைப் பொருட்களிலிருந்து மீள்பாவனைக்கு மாறியபோது செலவு பாதியளவுக்குக் குறைந்ததையும், ஆனால் நிலக்கரி மின்சாரத்தால் கழுவிக் கிருமிநீக்கியதால் காபன் வெளியேற்றம் சுமார் 10 சதவீதம் கூடியதையும் காட்டியது. அதே மாற்றத்தைப் பிரித்தானியாவின் மின்சாரத்தில் செய்திருந்தால் வெளியேற்றம் 84 சதவீதம் குறைந்திருக்கும் என்றும் கணித்தது. நம் மின்வலை மழைக்காலத்தில் நீரையும் வரட்சியில் நிலக்கரியையும் எண்ணெயையும் நம்புவதால், இலங்கை இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. கிருமிநீக்கி பாதி நிரம்பி ஓடினால் கணக்கு மெல்பேர்ண் பக்கம் சாயும்.

சத்திரசிகிச்சை அங்கியும் விரிப்பும் தெளிவான நன்மை தருபவை. ஒழுங்காகக் கழுவும் வசதி இருந்தால் துணி அங்கி பல பத்துத் தடவை உழைக்கும். தைப்பதற்கு நம் நாட்டிலேயே கைதேர்ந்தவர்கள் உள்ளனர். டொலர் முடங்கினாலும் அங்கி முடங்காது. பருவமழையில் உலர்த்தும் இயந்திரத்துக்கான மின்சாரம், சூடான நீர், துணியின் நீர்தாங்குதிறன் தேய்வதைச் சோதிக்கும் ஆள் ஆகியன இதன் மறைசெலவு. ஒருமுறைப் பாவனை என்று முத்திரையிட்ட கருவியைக் கழுவித் திரும்பப் பாவிப்பதை எந்தச் சேமிப்பும் நியாயப்படுத்தாது.

கையுறையைப் பொறுத்தவரை தேவையற்ற பாவனையைக் குறைப்பதே வழி. லண்டனின் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் வைத்தியசாலை 2018இல் தேவையற்ற கையுறைப் பாவனையைத் தவிர்க்கத் தொடங்கி ஓராண்டில் 21 தொன் பிளாஸ்டிக்கைக் குறைத்தது. கட்டில் விரிப்பதற்கும் இரத்த அழுத்தம் பார்ப்பதற்கும் சுத்தமான கையே போதும்.

## ஒரே பார்வையில்

| தெரிவு | தொடக்கச் செலவு | தீங்கு குறையும் அளவு | கவனிக்கவேண்டிய மறைசெலவு | கொழும்பில் பொருத்தம் |
|---|---|---|---|---|
| மயக்க வாயு | மிகக் குறைவு | சத்திரசிகிச்சைக்கூடம் இருந்தால் மிகப் பெரிது | கண்காணிப்புக் கருவி, சோடாச் சுண்ணாம்பு | எல்லா இடத்திலும் |
| கழிவைப் பிரித்தல் | மிகக் குறைவு | நடுத்தரம். அயலவர் உடல்நலத்துக்குப் பெரிது | இடைவிடாத பயிற்சி, மேற்பார்வை | எல்லா இடத்திலும் |
| குளிரூட்டல் | குறைவு முதல் பெரிது வரை | பெரிது | ஈரம், உப்பு, குளிர்வாயுக் கசிவு | எல்லா இடத்திலும். கடலோரத்தில் கவனம் |
| சூரிய மின்சாரம் | பெரிது | நடுத்தரம் முதல் பெரிது வரை | பற்றரி, நிழல், மாறும் விலை | சொந்த, அகன்ற கூரைக்கு |
| துணி அங்கி | நடுத்தரம் | நடுத்தரம் | சலவை, உலர்த்தல், தரச்சோதனை | சலவைக்கூடம் உள்ளோருக்கு |

## யாருக்கு எது முதலில்

சத்திரசிகிச்சைக்கூடம் உள்ள வைத்தியசாலை மயக்க வாயுவையும் கழிவுப் பிரிப்பையும் இந்த மாதமே தொடங்கலாம்; இரண்டுக்கும் கடன் தேவையில்லை. ஒதுக்கிய பணம் முழுவதையும் குளிரூட்டலுக்குக் கொடுத்து, ஓராண்டு மின்பட்டியலைப் பார்த்து, அதன்பின் சோலரின் அளவைத் தீர்மானிக்கட்டும்.

வாடகைக் கட்டிடத்தில் நடக்கும் மருத்துவ நிலையத்துக்குக் கூரை சொந்தமில்லை, மயக்க வாயுவும் இல்லை. அங்கே மருந்துச்சீட்டே பெரிய கருவி. அழுத்தி விசிறும் ஆஸ்துமா இன்ஹேலரின் உந்துவாயு காபனீரொட்சைட்டைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சூடாக்கும்; உலர்தூள் இன்ஹேலரில் அது இல்லை. பலமாக இழுத்துச் சுவாசிக்கக்கூடிய நோயாளி மாறலாம். சிறு பிள்ளைக்கும், மூச்சுத்திணறல் கடுமையாகும் வேளையில் பெரியவருக்கும் பழைய வகையே உயிர்காக்கும் என்பதால் மாற்றம் வைத்தியரின் தனித்தனி முடிவாகவே இருக்கவேண்டும். வாயால் விழுங்கக்கூடியவருக்கு ஊசிவழிப் பரசிற்றமோல் ஏற்றாமல் மாத்திரை கொடுப்பதும், பழக்கத்தால் எழுதும் இரத்தப் பரிசோதனையை நிறுத்துவதும் நோயாளியின் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

குருதிச் சுத்திகரிப்பு நடத்தும் நிலையங்களுக்கு நீரே முதல். நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் வீதம் நான்கு மணித்தியாலச் சிகிச்சைக்கு 120 லீற்றர் சுத்த நீர் செல்கிறது. அதைத் தயாரிக்கும்போது வடிகட்டி ஒதுக்கித் தள்ளும் நீர் நோயாளியைத் தொடாதது. அதைத் தனித் தாங்கியில் சேர்த்து மலசலகூடத்துக்கு விட ஒரு குழாய் வேலையே போதும்.

புதிதாகக் கட்டப்போகிறவருக்கு எல்லாத் தெரிவும் திறந்திருக்கிறது. அவர் பின்னர் மாற்றமுடியாததை முதலில் முடிவுசெய்யவேண்டும். மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடியைத் தவிர்ப்பது, காத்திருப்போருக்கு விறாந்தை விடுவது, கூரையில் தாங்கிகளை ஒரு மூலைக்கு ஒதுக்கிச் சோலருக்கு இடம் வைப்பது, நைத்திரஸ் ஒக்சைட்டுக்குக் குழாய்த் தொகுதியே போடாமல் விடுவது ஆகியவை வரைபடத்திலேயே தீர்ந்துவிடும். களனி பெருகிய 2016 மே வெள்ளத்தைக் கண்ட வட்டாரங்களில் கட்டுவோர், மின்பிறப்பாக்கியையும் பிரதான மின்பலகையையும் பற்றரியையும் நிலக்கீழ்த் தளத்தில் வைக்கக் கட்டிடக்கலைஞரை அனுமதிக்கவேண்டாம்.